'வெல்வெட் பஸ்ஸா' பார்க்கலாமா? கலையுலகத்தில் ஒரு ஸ்லாஷர் (ஒவ்வொருவராகக் கொடூரமாகக் கொல்லப்படும் திகில்) படம் எடுபடுமா?

கட்டாயம் பார்க்கலாம். ஆனால் ராத்திரி தூக்கம் போகிற அளவுக்குப் பயமுறுத்தும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த இந்தப் படத்தில் சில கொலைகள் சப்பென்றுதான் இருக்கின்றன. பெட்ரோல் பங்கில் மாட்டியிருக்கும் குரங்கு ஓவியம் ஒருவனை உள்ளே இழுத்துக்கொள்ளும் இடத்தில் கிராபிக்ஸ் பல்லிளிக்கிறது. அதையெல்லாம் மீறி இந்தப் படம் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், யார் எதற்காகச் சாகிறார்கள் என்பதில் இருக்கும் தெளிவு.

கதை லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. ஜோசஃபினா ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் ஒரு பெரிய கேலரியில் வேலை பார்ப்பவள். அவள் குடியிருக்கும் கட்டடத்தில் வெட்ரில் டீஸ் என்ற கிழவர் இறந்துபோகிறார். வீடு நிறைய ஓவியங்கள். எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்லியிருக்கிறார் அவர். இவள் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். கேலரி முதலாளி ரோடோரா, விமர்சகர் மார்ஃப், அருங்காட்சியக வேலையை விட்டுப் பணக்காரர்களுக்கு ஓவியம் வாங்கித் தரும் கிரெட்சன் என்று ஆளாளுக்கு அதில் பங்கு போட ஆரம்பிக்கிறார்கள். படைப்புகளுக்குள் புகுந்த ஏதோ ஒன்று அவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறது.

வழக்கமான ஸ்லாஷரில் சாவதற்கு ஒரு கணக்கு உண்டு. தப்பு செய்த இளசுகள் முதலில் போவார்கள். இங்கே தப்பு ஒன்றே ஒன்றுதான்: செத்தவரின் வலியை அவர் சம்மதமில்லாமல் விற்றுக் காசாக்கியது. ரோடோரா செய்யும் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். ஓவியங்களில் ஒரு பங்கைக் கிடங்கில் போட்டுப் பூட்டச் சொல்கிறாள். சந்தையில் குறைவாக இருந்தால்தான் விலை ஏறும். அரிசி வியாபாரி செய்தால் பதுக்கல் என்போம். இங்கே அதுதான் தொழில் நுணுக்கம். படத்தில் வரும் பேயைவிட எனக்கு அந்தக் காட்சிதான் அதிகம் உறைத்தது.

கொலைகளில் ஒன்றை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். 'ஸ்ஃபியர்' என்று ஒரு படைப்பு, பளபளக்கும் பெரிய உலோக உருண்டை. அங்கங்கே துளைகள், கையை விட்டால் உள்ளே ஏதோ ஓர் உணர்வு கிடைக்கும். ராத்திரி யாருமில்லாத கூடத்தில் கிரெட்சன் கையை விடுகிறாள். கை திரும்பி வரவில்லை. விடிந்ததும் அருங்காட்சியகம் திறக்கிறது. ஜனம் உள்ளே வருகிறது. தரையில் கிடக்கும் பிணத்தையும் ரத்தத்தையும் படைப்பின் ஒரு பகுதி என்று நினைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ரத்தத்தில் நடக்கிறார்கள். உதவியாளர் பெண் கோகோ வந்து அலறிய பிறகுதான் விஷயம் தெரிகிறது. இதே படத்தில் முன்பு ஒரு காட்சி: ஓவியர் பியர்ஸின் பட்டறைக்கு வரும் கேலரிக்காரர் மூலையில் கிடக்கும் குப்பை மூட்டைகளைப் பார்த்து அசந்துபோவார். அது வெறும் குப்பை என்று பியர்ஸ் சொல்ல வேண்டியிருக்கும். முதல்முறை பார்க்கும்போது அது சிரிப்புக் காட்சி. ஸ்ஃபியருக்குப் பிறகு அப்படித் தோன்றாது.

டீஸின் பாத்திரம் மிகைப்படுத்தல் என்று சிலர் சொல்வதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஹென்றி டார்ஜர் என்று நிஜமாகவே ஒருவர் சிகாகோவில் இருந்தார். மருத்துவமனைகளில் துப்புரவு வேலை பார்த்தவர். ஒற்றை அறையில் தனியாக வாழ்ந்து 15,000 பக்கங்களுக்கு மேல் ஒரு கதை எழுதி, அதற்கு நூற்றுக்கணக்கான ஓவியங்களும் வரைந்து வைத்திருந்தார். கடைசிக் காலத்தில் அவர் அறையைக் காலி செய்தபோதுதான் வீட்டுக்காரர் அவற்றைப் பார்த்தார். 1973-ல் டார்ஜர் இறந்தார். பிறகு அந்த ஓவியங்கள் பெரும் விலைக்குப் போயின. அவற்றின் உரிமை யாருக்கு என்று தூரத்து உறவினர்கள் 2022-ல் நீதிமன்றம் போனார்கள். பேய் வராததைத் தவிர மீதி எல்லாம் நடந்திருக்கிறது.

இயக்குநர் டான் கில்ராய்க்கு இதில் சொந்த வேதனையும் உண்டு. டிம் பர்டன் இயக்குவதாக இருந்த சூப்பர்மேன் படத்துக்கு 90-களில் திரைக்கதை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஸ்டூடியோ அந்தப் படத்தைக் கைவிட்டது. எழுதியதை யாரும் பார்க்கவே இல்லை. இங்கே பியர்ஸாக வரும் ஜான் மால்கோவிச் கடைசியில் கடற்கரை மணலில் குச்சியால் கோலம் கோலமாக இழுத்துக்கொண்டே போவார். அலை வந்தால் போய்விடும், விற்கவே முடியாது. பெயர்கள் ஓடும்போது வரும் காட்சி இது; அணைத்துவிடாமல் பாருங்கள்.

எனக்கு இருக்கும் குறை, படம் தன் ஆட்களை நேசிக்கவில்லை. ஜேக் ஜிலென்ஹாலின் மார்ஃபைத் தவிர யார் செத்தாலும் நமக்கு வலிக்காது. அந்த இடத்தில் நியா டகோஸ்டா இயக்கிய 2021 'கேண்டிமேன்' ஒரு படி மேலே நிற்கிறது. சிகாகோ ஓவியர் ஆன்டனி, கறுப்பினத்தவர் வாழ்ந்த காப்ரினி கிரீன் குடியிருப்பின் ரத்தக் கதையை எடுத்துக் கண்ணாடியும் ஓவியமுமாக ஒரு படைப்பு செய்கிறான். கண்காட்சி நடந்த கேலரியிலேயே இரண்டு பேர் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள். டிவி செய்தியில் தன் பெயர் வந்ததைக் கேட்டு அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும் பாருங்கள், அங்கே எனக்குக் குலை நடுங்கியது. பின்னால் ஒரு விமர்சகர் சாகும்போது கேமரா கட்டடத்துக்கு வெளியே தூரமாகப் போய்விடும். ஒளி எரியும் ஜன்னலுக்குள் அவர் உடல் இழுபடுவது பொம்மை அளவுக்குத் தெரியும். சத்தமே இருக்காது.

ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் 'கேண்டிமேன்' பாருங்கள். முடிந்தால் அதற்கு முன் 1992-ல் வந்த மூலப் படத்தைப் பார்த்துவிடுங்கள். கொக்கிக் கையோடு வரும் கேண்டிமேன் என்ற அந்தப் பேயே உயிரோடு இருந்த காலத்தில் ஓர் ஓவியன். பணக்கார வெள்ளைக்காரரின் மகளை வரையப் போய், அவளைக் காதலித்ததற்காகக் கொல்லப்பட்டவன். அது தெரிந்திருந்தால் ஆன்டனியின் கதை வேறு கனத்தோடு இறங்கும்.