நீச்சல் தெரியாது, அலாஸ்காவில் கயாக் ஓட்டலாமா?

கேள்வி: ஜூலை நடுவில் நானும் கணவரும் 14 வயது மகளும் அலாஸ்கா போகிறோம். சீவர்ட் ஊரில் மூன்று நாள் தங்கல். பனியாற்றுக்குப் (க்ளேசியர்) பக்கத்தில், கடலில் கயாக் எனும் ஒடுக்கமான துடுப்புப் படகு ஓட்டும் ஒரு நாள் பயணத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கும் கணவருக்கும் நீச்சல் தெரியாது. மூவருமே இதுவரை கயாக்கில் உட்கார்ந்ததில்லை. வழிகாட்டி கூடவே வருவாராம். துணிந்து போகலாமா? எந்தப் பயணத்தை எடுப்பது, என்ன உடை, நடுவில் கழிப்பறைக்கு என்ன செய்வது?

பதில்:

போகலாம். நீச்சல் தெரியாததற்காக மட்டும் தயங்க வேண்டாம். பனியாறு கரைந்து கலக்கும் அந்தத் தண்ணீரில் நன்றாக நீந்துகிறவர்களாலும் அதிக நேரம் நீந்த முடியாது. பனிக்கட்டிகள் மிதக்கும் இடத்தில் வெப்பநிலை ஐந்து டிகிரிக்குக் கீழேயும் இருக்கும். அப்படிப்பட்ட நீரில் திடீரென்று விழுந்தால், முதல் ஒரு நிமிடம் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்காது. வாய் தானாகத் திறந்து இழுக்கும். அடுத்த பத்து நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். உடல் சூடு குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். குளிர்நீர்ப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பவர்கள் இதை ஒன்று, பத்து, ஒன்று என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அந்த முதல் நிமிடத்தில் உங்கள் தலையை நீருக்கு மேலே வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட். அதை இறுக்கிக் கட்டியிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. நீச்சல் அதற்கு அப்புறம்தான்.

அதனால் வழிகாட்டி உங்கள் தோள்பட்டையில் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பார். அது காதுவரை ஏறி வந்தால் பட்டைகளை இன்னும் இறுக்குவார். மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அவர் அந்தப் பக்கம் போனதும் தளர்த்திவிடுகிறவர்கள் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள்.

இனி, எந்தப் பயணம்? சீவர்ட்டில் பல பெயர்களில் விற்றாலும் அடிப்படையில் இரண்டு வகைதான். ஒன்று, ஊருக்குத் தெற்கே லோவல் பாயின்ட் கரையிலிருந்து கிளம்பி ரிசரெக்‌ஷன் வளைகுடாவுக்குள்ளேயே சுற்றிவரும் அரை நாள் அல்லது முழு நாள் பயணம். செலவு குறைவு, மோட்டார் படகில் ஏற வேண்டியதில்லை. கரையோரமாக இலையில்லாமல் வெளிறி நிற்கும் மரங்களைக் காட்டுவார்கள். 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவில் வந்த நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து, வேரில் உப்புநீர் ஏறி, நின்ற இடத்திலேயே பட்டுப்போன மரங்கள் அவை. அழகான இடம்தான். ஆனால் அந்தப் பாதையில் கடலைத் தொடும் பனியாறு கிடையாது. விளம்பரத்தில் நீலப் பனிச்சுவரைப் பார்த்துவிட்டு, விலை குறைவாக இருக்கிறதே என்று இதைப் பதிவு செய்து ஏமாறுகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் இருக்கிறார்கள்.

உங்கள் மகள் கேட்பது இரண்டாவது வகை: கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவின் அயாலிக் வளைகுடா. அங்கே சாலை கிடையாது. கயாக்குகளையும் உங்களையும் ஏற்றிக்கொண்டு வாட்டர் டாக்ஸி எனும் மோட்டார் படகு காலையில் கிளம்பும். போக இரண்டரை, மூன்று மணி நேரம்; திரும்பவும் அவ்வளவே. நடுவில் மூன்று நான்கு மணி நேரம் துடுப்பு. உடை மாற்றுவது, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருப்பீர்கள். தலைக்கு நானூறு டாலருக்கு மேல் ஆகும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் டிப்ஸ் தனி. மூன்று பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் பெரிய தொகைதான். ஆனாலும் இவ்வளவு தூரம் போய்விட்டு, பனியாறுதான் ஆசை என்றால், நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் மூவரில் யாருக்காவது படகில் குமட்டுமா? பலர் கயாக் கவிழுமோ என்று பயந்துகொண்டு வருவார்கள். உண்மையில் அந்த நாளைக் கெடுப்பது கயாக் அல்ல, வாட்டர் டாக்ஸி. ரிசரெக்‌ஷன் வளைகுடாவைத் தாண்டி அயாலிக் முனையைச் சுற்றும்போது படகு திறந்த பெருங்கடலைத் தொடுகிறது. அலாஸ்கா வளைகுடாவின் நீண்ட அலை அங்கே தடையில்லாமல் வரும். பஸ்ஸில் மலையேறும்போதே வயிறு புரட்டுகிறவர் என்றால், கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. எந்த மாத்திரை உங்களுக்குத் தூக்கம் வரவைக்கிறது என்பதை ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். தூங்கி வழிந்துகொண்டு துடுப்புப் போட முடியாது.

அந்தப் படகுப் பயணம் வெறும் போக்குவரத்தும் இல்லை. திமிங்கிலங்கள், பாறைமேல் குவிந்து கிடக்கும் கடற்சிங்கங்கள், அலகு சிவந்த பஃபின் பறவைகள் என்று பெரும்பாலான காட்சி உங்களுக்குக் கிடைக்கப்போவது இந்த மோட்டார் படகின் மேல்தளத்திலிருந்துதான். கயாக் பக்கத்தில் திமிங்கிலம் எழும்பும் படத்தைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அலாஸ்கா கடலில் கூன்முதுகுத் திமிங்கிலத்தை 100 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். கயாக்குக்கும் அது பொருந்தும்.

சரி, கரைக்கு வந்தாயிற்று. முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கு இரட்டை இருக்கைக் கயாக்தான் தருவார்கள். அகலமானது, கனமானது, நீங்களாக முயன்றால் ஒழிய அவ்வளவு சுலபமாகக் கவிழாது. பின்னால் இருப்பவரின் பாதத்தடியில் இரண்டு மிதிகள். அவற்றால்தான் சுக்கான் திரும்பும். முன்னால் இருப்பவர் துடுப்பின் தாளத்தைப் பிடித்துக்கொடுக்க வேண்டும், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துப் போட வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து ஏறினால் யார் சொல்வதை யார் கேட்பது என்ற சண்டை வரும் என்று, இந்த வகைக்கு விவாகரத்துப் படகு என்றே கயாக்காரர்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் மூன்று பேர் என்பதால் ஒருவர் வழிகாட்டியோடோ வேறொரு பயணியோடோ உட்கார வேண்டியிருக்கும். மகளை வழிகாட்டியோடு அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். அவளும் நிறையக் கற்றுக்கொள்வாள், உங்களுக்கும் நிம்மதி.

உட்கார்ந்ததும் இடுப்பைச் சுற்றி ஸ்ப்ரே ஸ்கர்ட் என்ற ஒரு விரிப்பை மாட்டுவார்கள். அதன் விளிம்பில் எலாஸ்டிக் கயிறு இருக்கும். முதலில் முதுகுப்பக்கம் இருக்கைத் துளையின் விளிம்பில் மாட்டி, பிறகு பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே வந்து, கடைசியில் முன்னால் மாட்ட வேண்டும். முன்னால் ஒரு வளையம் தொங்கும். அது உள்ளே மடங்கிப் போகாமல் வெளியே தெரிய வேண்டும். கவிழ்ந்தால் உடம்பை முன்னால் வளைத்து அந்த வளையத்தைப் பிடித்து இழுத்தால் விரிப்பு கழன்றுவிடும், நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். அதற்கு நீச்சல் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு கை அந்த வளையத்தைத் தேடிப் பிடிக்கிறதா என்று கரையில் இருக்கும்போதே நாலைந்து முறை பழகுங்கள். வழிகாட்டி மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

துடுப்பைக் கை பலத்தால் இழுத்தால் அரை மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிப் போடுங்கள். துடுப்பை உயரத் தூக்கினால் நீர் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கும். மார்பு உயரத்துக்குக் கீழேயே வைத்தால் கை காய்ந்திருக்கும்.

பனிச்சுவரின் முன்னால் கண் ஏமாறும். அயாலிக் பனியாற்றின் முகப்பு ஏறக்குறைய ஒரு மைல் அகலம். ஒப்பிட மரமோ வீடோ இல்லாததால், இதோ கைக்கெட்டும் தூரம் என்று தோன்றும். குறைந்தது அரை மைல், அதாவது 800 மீட்டர், தள்ளியே வழிகாட்டி நிறுத்துவார். அவ்வளவு தள்ளி நின்றாலே பனி உடைந்து விழுவது முதலில் ஊமைப்படம்போலத் தெரியும். இரண்டு விநாடி கழித்துத்தான் இடி கேட்கும். பிறகு அலை வரும். ஆழமான நீரில் அது கயாக்கைத் தூக்கி இறக்கும் ஒரு மேடு, அவ்வளவுதான். முனையை அலைக்கு நேராகத் திருப்பி உட்கார்ந்திருந்தால் போதும். ஆபத்து கரையில்தான், ஆழம் குறைந்த இடத்தில் அந்த மேடு உடைந்து அடிக்கும். சாப்பிட இறங்கும்போது கயாக்குகளை ஏன் இவ்வளவு மேலே தூக்கிப் போக வேண்டும் என்று முனகாதீர்கள்.

மிதக்கும் பனிக்கட்டி மேல் ஏறிப் படம் எடுக்கும் யோசனை மகளுக்கு வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். பனிக்கட்டியின் பெரும்பகுதி நீருக்கடியில் இருக்கிறது. உருகுவது கீழே, புரளுவது முன்னறிவிப்பில்லாமல். ஆட்டோ அளவுக் கட்டியிலிருந்தும் நன்றாகத் தள்ளி இருங்கள். நகக்கண் அளவுச் சின்னத் துண்டுகளுக்கு நடுவே துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள், பொரி பொரிவதுபோல ஒரு சத்தம் விடாமல் வரும். பனி இறுகியபோது அகப்பட்ட பழைய காற்று, குமிழ் குமிழாக வெடித்து வெளியேறுகிறது. எனக்கு அந்தப் பயணத்தில் பனிச்சுவரைவிட இதுதான் பிடிக்கும்.

அந்தக் கட்டிகளின் மேல் சீல்கள் படுத்திருக்கும். மே, ஜூனில் குட்டி போடும். ஜூலையிலும் தாயும் குட்டியுமாகப் பார்க்கலாம். பனியாற்று ஃபியோர்டில், அதாவது பனியாறு குடைந்த குறுகிய கடற்கழியில், சீல்களிடமிருந்து 500 கஜம், அதாவது 450 மீட்டர் அளவு, தள்ளி இருக்கச் சொல்கிறது அமெரிக்க அரசின் கடல்துறை. கயாக்தான் சத்தமே போடாதே, அருகில் போனால் என்ன என்று தோன்றும். சத்தமில்லாமல் தாழ்ந்து வருவதுதான் தொல்லை. பெரிய படகு வருவது சீலுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும், கயாக் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். மிரண்டு தண்ணீரில் குதிக்கும்போது குட்டி தாயைப் பிரிந்துவிடலாம். ஒரு சீல் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலே போதும், நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

கடல் நீர்நாயையும் பார்ப்பீர்கள். மல்லாந்து மிதந்துகொண்டு வயிற்றின்மேல் வைத்துச் சிப்பியை உடைக்கும். மற்ற கடல் பாலூட்டிகளுக்கு இருக்கும் கொழுப்புப் போர்வை இதற்கு இல்லை. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் வரை முடி கொண்ட தோல்தான் குளிரைத் தாங்குகிறது. அந்தத் தோலுக்காகவே ரஷ்ய வணிகர்கள் இந்தக் கரைக்கு வந்தார்கள், இங்கேயே வாழ்ந்த சுக்பியாக் மக்களை அவர்களுடைய தோல் கயாக்குகளிலேயே வேட்டைக்கு விரட்டினார்கள். 1911இல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தம் வருவதற்குள் நீர்நாய் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது.

உடை விஷயத்தில் ஒரே பேச்சு: பருத்தி கூடாது. ஜீன்ஸ், காட்டன் டி-ஷர்ட், காட்டன் சாக்ஸ் எதுவும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன்மேல் ஃபிளீஸ், தலைக்குக் கம்பளிக் குல்லா. மழைச்சட்டை, மழைப்பேன்ட், ரப்பர் பூட்ஸ் பொதுவாக அவர்களே தருவார்கள், பதிவின்போது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஜூலையில்கூட பகலில் பதினைந்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பனியாற்றின் முன்னால் அதன்மேலிருந்து இறங்கும் காற்று இன்னும் சில்லிடும். மோதிரத்தை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். குளிரில் விரல் சுருங்கும், ஈரக்கையிலிருந்து அது நழுவுவது தெரியாது.

கழிப்பறை வாட்டர் டாக்ஸியில் உண்டு. கயாக்கில் இறங்கும் முன் தேவை இருக்கிறதோ இல்லையோ போய்விட்டு வாருங்கள், மூன்று அடுக்கு உடையைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலை இல்லை. கரையில் சிறுநீர் என்றால், ஓதம் ஏறி இறங்கும் ஈரப் பகுதியில், பாறை மறைவில் கழிப்பது அங்கே வழக்கம். மற்றதற்கு வழிகாட்டி பை தருவார், அதைத் திரும்ப எடுத்து வர வேண்டும். கூச்சப்படாமல் அவரிடம் சொல்லுங்கள், தினமும் கேட்கிற விஷயம்தான். மதிய உணவுக்கு எலுமிச்சை சாதமோ சப்பாத்தி ரோலோ கட்டிக்கொண்டு போகலாம். அந்தக் கரைகளில் கருங்கரடி நடமாடும். ஒரு பருக்கைகூடச் சிந்தாமல், சாப்பாட்டுப் பையைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்துச் சாப்பிடுங்கள்.

பதிவு செய்யும்போது ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறு பேருக்குள் என்றால் நல்லது. 14 வயதுக்கு அனுமதி உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உயரமும் எடையும் கேட்பார்கள், இருக்கையைப் பொருத்த அது தேவை. உண்மையான எண்ணையே சொல்லுங்கள். காற்று பலமாக இருந்தால் அயாலிக் பயணத்தை ரத்து செய்வார்கள், அல்லது ரிசரெக்‌ஷன் வளைகுடாவுக்கு மாற்றுவார்கள். பணம் திரும்ப வருமா, எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்று நாள் இருப்பதால் முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள். அன்று ரத்தானால் அடுத்த நாளுக்குத் தள்ள இடம் இருக்கும். ரத்தாகாமல் போய்வந்துவிட்டால், மீதி நாளில் காரிலேயே எக்ஸிட் பனியாற்றுக்குப் போய்வரலாம். பனி எந்தெந்த ஆண்டில் எதுவரை இருந்தது என்று வழியெல்லாம் பலகை நட்டிருப்பார்கள். படகே வேண்டாம் என்று உங்கள் கணவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினாலும் அங்கே தாராளமாக வருவார்.