ஜெர்மனியில் தேவாலய வரி: விலகுவதற்கு முன்

ஸ்டுட்கார்ட்டில் வேலை, தேவாலய வரி 8% பிடிக்கிறார்கள், "இங்கே மதமே முடிந்த கதை, கத்தோலிக்கத்திலிருந்து விலகிவிடலாமா" என்று கேட்டிருந்தீர்கள். அந்த 8% உங்கள் சம்பளத்தில் அல்ல, வருமான வரியில். வரி 500 யூரோ என்றால் பிடித்தம் 40.

விலகப் பங்குச் சாமியாரிடம் போக வேண்டாம். நகரப் பதிவு அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட்டோடு நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும், கட்டணம் உண்டு. சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், வருடங்கள் கழித்தும் கேட்பார்கள்.

ஆனால் 2012 ஆயர் பேரவை ஆணைப்படி, விலகியவருக்கு நற்கருணை கிடையாது, ஞானப் பெற்றோராகவும் முடியாது. காரிதாஸ் போன்ற திருச்சபை நிறுவனத்தில் வேலை என்றால் அதற்கும் ஆபத்து. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

2022இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர் விலகினார்கள், உண்மைதான். பாலியல் கொடுமைகளை மூடிமறைத்த கோபமும் வரிச்சுமையும் அதில் உண்டு. எல்லாரும் கடவுளைக் கைவிட்டவர்கள் அல்ல. பூசைக்குப் போகிறவர் என்றால் விலகாதீர்கள். கட்டிய தேவாலய வரியை ஆண்டு வரிக் கணக்கில் சிறப்புச் செலவாகக் காட்டுங்கள், வரிக்குரிய வருமானத்திலிருந்து முழுவதும் கழியும்.