வாலும் வாயும்: கால்நடை டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டர் ஐயா, எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய்க்கு இரண்டு வயது. முப்பது நாள் குட்டியாக வாங்கினோம். பகல் முழுக்க கேட் ஓரம் சங்கிலியில் கிடக்கும், ராத்திரி அவிழ்த்துவிடுவோம். போன வாரம் கொக்கி கழன்று, பால்காரரின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. "அந்த ஜாதிக்கே அது ரத்தத்தில் ஊறினது" என்கிறார் மாமனார். "நாம வளர்த்த லட்சணம்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? விற்றுவிடலாமா?
- வாசகி, சாத்தூர்

பதில்: முதலில் பால்காரர். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினாரா? ஊசி தொடங்கியாயிற்றா? உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அத்தனை தவணைக்கும் ஆட்டோ காசு உங்களுடையது.

இனி மாமனார். பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்த ரகம் அது. வேற்றாளைக் கண்டால் விறைக்கும், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் குழையாது. தாய் மிரளுகிற நாய் என்றால் குட்டிகளும் பெரும்பாலும் மிரளும். மிரண்ட நாய்தான் அதிகம் கடிக்கும். ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் ஊரில் 1959 முதல் நரிகளில் சாதுவானதை மட்டும் பொறுக்கி இனம் சேர்த்தார்கள். சில தலைமுறையிலேயே மனிதரைக் கண்டு வாலாட்டுகிற நரி பிறந்தது. ஆக, ரத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் ராஜபாளையத்தில் ரத்தம் செய்கிற இன்னொரு வேலையை நான் மேஜைமேல் பார்த்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒருவர், "திடீர் திடீர்னு கடிக்குது, ஊசி போட்டு முடிச்சிருங்க" என்று பால் வெள்ளையில் ஒரு நாயைக் கொண்டுவந்தார். மூக்கு ரோஜா நிறம். அது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினேன். காது மடல் அசையவில்லை. கம்பவுண்டர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். அதற்கும் அசைவில்லை. பிறவிச் செவிடு! "கூப்பிட்டா வராது சார், திமிரு" என்று இரண்டு வருஷமாக அதை அடித்திருக்கிறார் மனுஷர். தூங்கும்போது யாராவது தொட்டால் அது பதறி எழுந்து பல்லைப் போடும், அவ்வளவுதான். நிறமி குறைந்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. பால் வெள்ளை வேண்டும், ரோஜா மூக்கு வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். விற்கிறவரும் நெருங்கின உறவுக்குள்ளேயே சேர்த்துவைக்கிறார். உங்கள் நாயையும் சாவிக்கொத்தால் சோதியுங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும்.

முப்பது நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம். கூடப்பிறந்தவை ஒன்றையொன்று கவ்வி விளையாடும். பல் அழுந்தினால் கடிபட்டது வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டி கற்றுக்கொள்வது அப்படித்தான். உங்களுடையதை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் பிடுங்கிவிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை பார்க்கிற ஆட்கள், குடை, சைக்கிள், ஹெல்மெட் எல்லாம் அதற்குப் பழகிவிடும். தடுப்பூசி முடியவில்லையே என்று பயந்தால் தோளில் தூக்கிக்கொண்டாவது தெருவைக் காட்டியிருக்கலாம்.

மிச்சம் கேட் செய்தது. காலையில் பால்காரர் வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் ஊற்றிவிட்டுப் போகிறார். நாய் நினைக்கிறது: நான் விரட்டினேன், ஓடிவிட்டான். வருஷத்துக்கு 365 வெற்றி! சங்கிலியில் இருப்பதால் விலகிப்போகவும் வழியில்லை. ஆரம்ப காலத்தில் நானும்தான் "கட்டிப்போடுங்க" என்று சீட்டெழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினேன். அது என் தப்பு.

விற்காதீர்கள். கடித்ததை மறைத்து விற்றால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து. தெருவில் விடுவது அதைவிட மோசம். கேட்டிலிருந்து நகர்த்தி, ஆள் நடமாட்டம் தெரியாத பின்பக்கம் கம்பிவலை போட்டு அடையுங்கள். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடத்துங்கள், வாய்க்கூடு மாட்டி. வாய் திறந்து மூச்சிரைக்க இடமுள்ள கூடை மாதிரியானது. உறுமினால் அடிக்காதீர்கள். உறுமுவதை அடக்கினால் எச்சரிக்கை போய்விடும், கடி மட்டும் நிற்கும். காதில் சீழ், இடுப்பில் வலி உண்டா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 23 நாய் ரகங்களுக்குத் தடை என்றார்களே, என் ராட்வைலரை என்ன செய்ய?
- வாசகர், மதுரை

பதில்: 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம் அது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிமம் பற்றி மாநகராட்சியில் கேளுங்கள். பிரிட்டன் 1991இல் பிட்புல் உள்பட நான்கு ரகங்களைத் தடுத்தது. அதோடு முடியவில்லை, 2023 முடிவில் எக்ஸ்எல் புல்லி என்ற இன்னொரு ரகத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. 2022இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நாய்களை ஆராய்ந்தவர்கள், நாய்க்கு நாய் குணம் மாறுவதில் ரகத்தின் பங்கு சுமார் 9 சதவீதம் என்றார்கள். இதை வைத்து உங்களுக்கு நிம்மதி சொல்ல மாட்டேன். பொமரேனியன் தப்பு செய்தால் தையல் போடலாம். ராட்வைலர் ஒருமுறை தப்பு செய்தாலே போதும். பூங்காவுக்கு வாய்க்கூடு இல்லாமல், பத்து வயதுப் பிள்ளை கையில் வாரைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கேள்வி: சோற்றில் மிளகாய்த்தூள் கலந்து, இருட்டறையில் வளர்த்தால் நாய்க்கு ரோஷம் வருமா?
- வாசகர், தேனி

பதில்: மிளகாய்த்தூளுக்கு வயிற்றுப்போக்கு வரும். இருட்டறைக்கு வருவது பயம். முதல் கடி பெரும்பாலும் சோறு வைக்கிற கைக்குத்தான்.