பதில்: கேசட்டின் ஒரு பக்கம் லாஸ்ட்.எஃப்எம்-இல் ஒரே பாட்டாக ஏறுவது

நீங்கள் கேட்கும் பாட்டுகளைக் கணக்கு வைக்கும் தளமான லாஸ்ட்.எஃப்எம்-இல் கோளாறு இல்லை, கேசட்டிலிருந்து பதிவு செய்த உங்கள் கோப்பில். அந்தத் தளம் கோப்பு ஒன்றை ஒரு பாட்டாகத்தான் எண்ணும். பாதி நீளமோ 4 நிமிடமோ, எது முதலில் வருகிறதோ, அதைத் தாண்டியதும் ஒரு கணக்கு. சி-60 கேசட்டின் ஒரு பக்கத்தை 30 நிமிடக் கோப்பாக வைத்தால் ஆறு பாட்டு கேட்டாலும் ஒன்றுதான் விழும்.

1. ஆடாசிட்டியில் (ஒலிக்கோப்பை வெட்டும் மென்பொருள்) ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் கிளிக் செய்து Ctrl+B அழுத்தி, வரும் லேபிளில் பாட்டின் பெயரை இடுங்கள். பிறகு லேபிள்வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாக எக்ஸ்போர்ட். மௌனத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியும் உண்டு, ஆனால் கேசட்டின் 'உஸ்' இரைச்சல் அதை ஏமாற்றிவிடும். எனக்கு ஒரு பாட்டு நடு வீணையில் வெட்டுப்பட்டது.

2. டேகில் (கோப்புக்குள் பதியும் விவரம்) பாட்டுப் பெயர், ஆர்ட்டிஸ்ட் இரண்டையும் நிரப்புங்கள். காலியாக இருந்தால் பதிவாகாது.

ஒரு பாட்டை மட்டும் வெட்டி, பாதிக்கு மேல் ஓடவிட்டு, உங்கள் லாஸ்ட்.எஃப்எம் பக்கத்தில் ஏறுகிறதா பாருங்கள். 30 நொடிக்குக் குறைந்த துண்டு எப்படியும் ஏறாது.

சினிமாப் பாட்டென்றால் ஆர்ட்டிஸ்டில் பாடகரா இசையமைப்பாளரா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் இரண்டையும் கலந்து போட்டு, இளையராஜா கணக்கு நாலாகச் சிதறிக் கிடக்கிறது.

வெட்டியபின் முழுப் பக்கமும் உள்ள மூல வேவ் (WAV) கோப்பை அழித்துவிடாதீர்கள்.