நிஜ மனிதர் போன்ற 3டி உருவம்: எந்த மென்பொருள்? (கேள்வி பதில்)

வந்த கேள்விகளில் பாதி “எது பெஸ்ட்?” என்றுதான் தொடங்குகின்றன. அந்த உருவம் கடைசியில் எங்கே, எவ்வளவு கிட்டத்தில் தெரியப்போகிறது என்று சொன்னால்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: அண்ணா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, கையில் காசும் கிடையாது. எதில் தொடங்கலாம்?

மேக்ஹியூமன், தம்பி. இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். வயது, எடை, மூக்கு, தாடை எல்லாம் ஸ்லைடரை இழுத்தால் மாறும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் பழகியிருந்தால் எம்பிஎஃப்பி என்ற ஆட்-ஆனை (கூடுதல் கருவி) போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே செய்யலாம். வெளியே எடுக்கும் உருவத்துக்கு சிசி ஜீரோ உரிமம். விற்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தோல் கொஞ்சம் பிளாஸ்டிக்தான். பரவாயில்லை, கற்றுக்கொள்ள இது போதும்.

கேள்வி: டாஸ் ஸ்டுடியோவா, மெட்டாஹியூமனா? நாவல் அட்டைகள் செய்கிறேன், ஒரு குறும்படமும் எடுக்க ஆசை.

அட்டைக்கு டாஸ். ஆயத்த உருவங்களுக்கு உடுத்தி, நிறுத்திப் படமாக்கும் இந்த மென்பொருள் இலவசம்; முடி, உடை, தோல் என்று வாங்கும்போதுதான் காசு கரையும். இன்னும் ஒருமுறைகூட மாட்டிப் பார்க்காத காலணிகள் என்னிடமே ஒரு பீரோ நிறைய இருக்கின்றன.

டாஸில் காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் (ரெண்டர் செய்யும்) ஐரேவுக்கு என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். காட்சி கார்டின் நினைவகத்தில் அடங்கவில்லை என்றால் வேலை சிபியூவுக்குப் போய்விடும். பத்து நிமிட ரெண்டர் விடிய விடிய ஓடும். 4096 பிக்சல் டெக்ஸ்சர் (உருவத்தின் மேல் போர்த்தும் படம்) ஒன்றைச் சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 50 எம்பி. ஓர் உருவத்திலேயே அப்படிப் பல இருக்கும். பின்னால் நிற்கும் ஆட்களுக்கு 2048 ஆகக் குறையுங்கள், கால் பங்கு இடம்தான் பிடிக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

குறும்படத்துக்கு, அன்ரியல் என்ற கேம் எஞ்சினுக்கான மெட்டாஹியூமன். முகம் அசைவதற்கான ரிக் தயாராகவே கிடைக்கும். 2023இல் ஐபோனில் பிடித்த நடிப்பை அப்படியே முகத்துக்கு மாற்றும் வசதி வந்தது. 2025இல் அன்ரியல் 5.6 வந்த பிறகு சாதாரண வெப்கேமே போதும்.

கேள்வி: எல்லாம் சரியாகத்தான் வைக்கிறேன் சார், ஆனாலும் பொம்மை மாதிரியே இருக்கிறது. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. கிட்டத்தட்ட மனிதராக இருந்து கொஞ்சம் பிசகினால் அருவருப்பு வரும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970லேயே எழுதிவிட்டார். அந்த இடத்தில் பிடிப்பு சட்டென்று சரிவதால் அதை ‘அன்கேனி வேலி’, அதாவது ஒரு பள்ளம் என்பார்கள். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது அந்தப் பள்ளத்தில்தான்.

முதலில் கண். மேல் இமை கருவிழியின் உச்சியைக் கொஞ்சம் மூடியிருக்க வேண்டும். மேலே வெள்ளை தெரிந்தால் பேயைப் பார்த்தவர் போல இருக்கும். விழியில் ஓர் ஒளிப்புள்ளி விழ வேண்டும், கீழ் இமையோரம் ஈரம் தெரிய வேண்டும். பிறகு, முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருக்கிறதா பாருங்கள். ஒரு புருவத்தை ஒரு நூல் ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது தோல். ஒளி உள்ளே புகுந்து சிதறி வெளியே வருவதைத்தான் சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங் என்கிறோம். அதைக் கூட்டினால் அசல் தோல் வந்துவிடும் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், மெழுகுதான் வருகிறது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் இது இன்னும் மோசம். மெலனின் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே சிதறும் சிவப்பு குறைவாகவும் மேற்பரப்பின் மினுமினுப்பு அதிகமாகவும் தெரியும். வெளுத்த தோலுக்கு அமைத்ததை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றினால் சாயம் பூசிய மாதிரிதான் இருக்கும். சிதறலைக் குறையுங்கள், நெற்றி, மூக்கு, கன்னத்தில் பளபளப்பைச் சீராக வைக்காமல் திட்டுத் திட்டாக மாற்றுங்கள். அப்புறம் பக்கத்திலிருந்து பெரிய, மென்மையான விளக்கு ஒன்று போதும்.

கேள்வி: கேம் செய்து விற்கப்போகிறேன். லைசென்ஸ் சிக்கல் வருமா?

டாஸில் ரெண்டர் செய்த படத்தைத் தாராளமாக விற்கலாம். கடையில் வாங்கிய உருவத்தையே கேமுக்குள் வைத்தால், வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக இன்டராக்டிவ் லைசென்ஸ் வேண்டும். சட்டைக்கு வாங்கிவிட்டு முடிக்கு மறந்துவிடாதீர்கள். மெட்டாஹியூமனை முன்பு அன்ரியலுக்குள் மட்டுமே ரெண்டர் செய்யலாம் என்றிருந்தது; 2025இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள், யூனிட்டி போன்ற வேறு கேம் எஞ்சினுக்கும் கொண்டுபோகலாம்.

கேள்வி: புடவை கட்டிய பாட்டி வேண்டும். எங்கே தேடினாலும் கவுன்தான் கிடைக்கிறது!

3டி உடை தைக்கும் மென்பொருளான மார்வெலஸ் டிசைனரில் நீங்களே செய்வதுதான் வழி. ஐந்தரை மீட்டர் துணியை ஒரே துண்டாகச் சுற்றப் பார்த்தால் நாள் முழுக்கப் போராட வேண்டும். ரெடிமேட் புடவை தைப்பது போல யோசியுங்கள்: இடுப்பைச் சுற்றியது ஒரு துண்டு, கொசுவம் தனி, முந்தானை தனி. பிறகு ஒட்டிவிடலாம். பட்டு விறைப்பாக நிற்க வேண்டும், பழைய நூல் புடவை தொய்ய வேண்டும். பாட்டிக்கு எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மறைந்த தாத்தாவின் ஒரே ஒரு பாஸ்போர்ட் படம் இருக்கிறது. அவரை உருவாக்க முடியுமா?

கேரக்டர் கிரியேட்டர் என்ற மென்பொருளின் ஹெட்ஷாட் கருவி ஒரு படத்திலிருந்தே தலையைச் செய்துதரும். ஆனால் நேர்ப் படத்தில் மூக்கு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரியாது, அது ஊகிக்கும். கல்யாண ஆல்பத்தில் பக்கவாட்டில் ஒரு படம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மூக்கைத் திருத்துங்கள்.