ஜப்பானியக் கோயில் கட்டடக்கலை முழுக்க வெளியிலிருந்து வந்ததுதானா?

விதை வெளியிலிருந்து வந்தது உண்மை. ‘முழுக்க’ என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

588-இல் கொரியாவின் பெக்சே நாட்டிலிருந்து தச்சர்களும் ஓடு செய்பவர்களும் ஜப்பானுக்கு வந்தார்கள். பௌத்தக் கோயில் கட்டக் கற்றுக்கொடுத்தது அவர்கள்தான். நாரா நகருக்குப் பக்கத்தில் உள்ள ஹோர்யூஜி என்ற பௌத்தக் கோயிலில் அந்தப் பாணியை இன்றும் பார்க்கலாம். உலகில் எஞ்சி நிற்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழையவை அங்கேதான் இருக்கின்றன.

ஜப்பானியர்கள் தாங்களே கண்டுபிடித்தது கூரைக்குள் இருக்கிறது. அங்கே மழை அதிகம். தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டுமானால் கூரை நல்ல சரிவாக இருக்க வேண்டும். ஆனால் சுவரைத் தாண்டி வெளியே நீளும் இறவாணமும் அதே சரிவில் இறங்கினால் உள்ளே இருட்டிவிடும். 10-ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் இதற்கு ஒரே கட்டடத்தில் இரண்டு கூரை போட்டார்கள். கீழிருந்து தெரியும் கூரைக்குச் சாய்வு குறைவு; மழையை வாங்குவது அதற்கு மேலே உள்ள இன்னொன்று. பிற்பாடு அந்த இடைவெளியில் நீண்ட மரங்களை நெம்புகோலாகச் செருகி, இறவாணத்தின் பாரத்தை அவற்றின்மேல் ஏற்றினார்கள். அதனால் கீழே தெரியும் கைமரங்கள் மெலிந்து அழகாயின. வெளியே நின்று பார்ப்பவருக்கு இந்த வேலை கண்ணில் படவே படாது. ஜப்பானியக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இந்த மரபின் கடைசிப் பெரிய தச்சர்களில் ஒருவர் நிஷியோகா சுனேகஸு (1908–1995). மரத்துக்கு முன்னால் மண்ணைப் படிக்கட்டும் என்று தாத்தா அவரை விவசாயப் பள்ளிக்கு அனுப்பினார். ஹோர்யூஜியைப் பிரித்துப் பழுதுபார்த்தபோது, 1300 ஆண்டுப் பழைய ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரத்தை லேசாக இழைத்தாலே புது மரத்தின் வாசனை வந்தது என்றார். ஓடுகளை இறக்கியதும், தொய்ந்திருந்த இறவாண மரங்கள் சில நாளில் தாமாக நிமிர்ந்தனவாம்.

நாராவில் உள்ள யாகுஷிஜி கோயிலின் மேற்குக் கோபுரத்தை அவர் 1981-இல் மறுபடி எழுப்பினார். பக்கத்தில் நிற்பது 730-ஆம் ஆண்டுக் கிழக்குக் கோபுரம். புதியதை அதைவிடச் சுமார் 30 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டினார். மரம் காய்ந்து, ஓட்டுப் பாரத்தில் அமுங்கி, சில நூற்றாண்டுகளில் இரண்டும் சமமாகிவிடும் என்பது அவர் கணக்கு. கட்டுமானத்தில் இரும்பு சேர்க்கச் சொன்ன அறிஞர்களோடு கடுமையாக வாதாடினார்: இரும்பு சில நூறு ஆண்டில் துருப்பிடிக்கும், ஹினோகி ஆயிரம் ஆண்டு தாங்கும்.

அந்த அளவுக்கு முதிர்ந்த ஹினோகி அப்போது ஜப்பானில் கிடைக்கவில்லை. யாகுஷிஜி வேலைக்கான பெருமரங்கள் தைவான் மலைகளிலிருந்து வந்தன.