98 இருந்த ஆக்சிஜனை 90க்கு இறக்கியது ஏன்?

கேள்வி: என் தந்தைக்கு 66 வயது. பல ஆண்டுகள் பீடி பிடித்ததால் சி.ஓ.பி.டி. என்னும் நுரையீரல் நோய் உள்ளது. மூச்சுத்திணறல் அதிகமாகி ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். ஆக்சிமீட்டர் 98 காட்டிக்கொண்டிருந்தபோதே செவிலியர் சுவரிலிருந்த திருகைத் திருப்பி, கண்ணாடிக் குழலில் மிதந்த குண்டை 4 லிட்டரிலிருந்து 1 லிட்டருக்கு இறக்கினார். அளவு 90க்கு வந்தும் கூட்டவில்லை; கேட்டதற்கு, 'இதுவே போதும்' என்றார். இது அலட்சியம் இல்லையா, டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்தச் செவிலியர் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார். ஆனால் எண் இறங்குவதைப் பார்த்துப் பதறி நிற்கும் மகளிடம் அதற்கான காரணத்தைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

ஆக்சிஜனும் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துதான். தீவிர நோயாளிகள் பலருக்கு 94 முதல் 98 வரை இலக்காக வைக்கும் பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி என்னும் நுரையீரல் மருத்துவ அமைப்பின் வழிகாட்டி, கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயமுள்ள சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு 88 முதல் 92 வரை போதும் என்கிறது. பழுதடைந்த நுரையீரலில், காற்று சரியாகப் போகாத பகுதிகளின் ரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கி, நல்ல பகுதிகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகின்றன. அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் அந்தக் குழாய்கள் மீண்டும் விரிந்து, ரத்தம் பழுதான பகுதிக்கே வீணாகப் போக, வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடு உடலிலேயே தங்கிவிடுகிறது. சிலருக்கு மூச்சின் வேகமும் ஆழமும்கூடக் குறையும். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில், ஆம்புலன்சில் வந்த 405 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், 88–92 என்ற இலக்கில் அளந்து கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு, தாராளமாகக் கொடுக்கப்பட்டவர்களிடம் இருந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்குக் கார்பன் டை ஆக்சைடு தெரியாது. அதனால்தான் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து, அதிலுள்ள வாயுக்களை அளக்கும் ஏ.பி.ஜி. பரிசோதனை செய்கிறார்கள், வலிக்கும் ஊசிதான், ஆனாலும் தவிர்க்க முடியாதது. தேவைக்கு மேல் ஆக்சிஜன் போவதையும் ஆக்சிமீட்டர் சரியாகக் காட்டாது. எண் 100ஐத் தொட்டுவிட்டால், ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 120ஆ, 400ஆ என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. கை சில்லிட்டிருந்தாலோ, நகத்தில் கருமையான நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறலாம். கருமையான தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், நம் ஊரில் எல்லையில் நிற்கும் எண்ணை ஏ.பி.ஜி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அப்பாவைப் பார்க்கப் போகும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் அவரோடு பேசுங்கள். வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, தலைவலி என்றாலோ, நீட்டிய கைகள் படபடவென அடித்துக்கொண்டாலோ, ஆக்சிமீட்டர் 97 காட்டினாலும் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். அளவு 88க்குக் கீழே போய் அங்கேயே நின்றாலும் அப்படித்தான். திருகை மட்டும் நீங்களாகத் தொட வேண்டாம்.